சுனாமி எச்சரிக்கை: ஹைதராபாத்துக்கு 10 நிமிடம் போதும்... உங்கள் தெருவுக்கு?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவ கிராமத்துக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வருகிறது. பேசியவர் அந்த ஊர்க்காரர், சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். சுமத்ரா பக்கம் பெரிய நிலநடுக்கம், கடல் பொங்கி வருகிறது என்று டி.வி.யில் பார்த்துவிட்டுப் பதறிப்போய் கூப்பிட்டிருக்கிறார். தகவல் ஊருக்குள் பரவுகிறது. அங்கிருந்த கிராமத் தகவல் மையத்தின் மைக் செட்டில் அறிவிப்பு போகிறது. வீட்டை விட்டு ஓடுங்கள், அவ்வளவுதான் செய்தி.

சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் அது. வீடுகள் இடிந்தன, படகுகள் உடைந்தன. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அதே காலை, அதே கடல். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எனக்கு அப்போது நான்கு வயது. வீட்டில் பெரியவர்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுதது மட்டும்தான் ஞாபகம். 'சுனாமி' என்ற வார்த்தையே அன்றைக்குப் பலருக்குப் புதுசு. "கடல் உள்ளே வந்துருச்சு" என்றுதான் சொன்னார்கள்.

நல்லவாடு கதையில் பலரும் சிங்கப்பூர் போன்காலைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த மைக் செட்தான் முக்கியம். அது சுனாமிக்காக வைத்ததே இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பகுதிக் கிராமங்களில் அமைத்த தகவல் மையங்களில் ஒன்று அது. இன்று அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா, காற்று எப்படி என்று மீனவர்களுக்குச் சொல்வதற்காக வைத்தது. அந்தக் குரலை ஊர் ஏற்கெனவே கேட்டுப் பழகியிருந்தது, நம்பியும் இருந்தது. அதனால்தான் 'ஓடு' என்றதும் ஓடினார்கள்.

அதன் பிறகு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நம்மிடம் இப்போது உலகத் தரமான சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. கேள்வி, அந்த மைக் செட் இருக்கிறதா என்பதுதான்.

அன்று யாருக்கும் தெரியாதா?

தெரியும். இதுதான் கொடுமை.

சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது இந்திய நேரப்படி காலை 6.28-க்கு. தமிழகக் கரையை அலை தொட்டது சுமார் 9 மணிக்கு. நடுவில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் பெரும்பாலான தூரம் போய்விடலாம்.

நிலநடுக்கம் நடந்த 15 நிமிடத்தில் ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதல் அறிக்கையை வெளியிட்டது. ஆனால் அதில் ரிக்டர் அளவு 8.0 என்றுதான் இருந்தது. உண்மையில் அது 9.1. தவிர, அந்த மையத்தின் பொறுப்பு பசிபிக் கடல். இந்தியப் பெருங்கடல் நாடுகளில் யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்பதற்கு அவர்களிடம் முறையான ஏற்பாடே இல்லை.

நம் பக்கம்? கார் நிகோபார் விமானப்படைத் தளத்தைக் கடல் விழுங்கிக்கொண்டிருந்த தகவல், தமிழகக் கரைக்கு அலை வருவதற்கு முன்பே சென்னைக்கு வந்துவிட்டது. வானிலைத் துறை டெல்லிக்கு அனுப்பிய ஃபேக்ஸ், ஆட்சி மாறி ஏழு மாதம் ஆகியும், பழைய அமைச்சரின் முகவரிக்குப் போனது. அந்த வாரமே பத்திரிகைகளில் வந்த செய்தி இது.

ஆக, அன்று தகவல் இருந்தது. அது போய்ச் சேர வழி இல்லை. மெரினாவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த கூட்டம் கடற்கரையில் நின்றது.

இப்போ எப்படி வேலை செய்கிறது?

2007 அக்டோபர் 15 முதல் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையத்தின், அதாவது 'இன்காய்ஸ்' அமைப்பின் ஒரு பிரிவு. இந்தியாவுக்கு மட்டுமல்ல, ஆஸ்திரேலியா, இந்தோனேசியாவுடன் சேர்ந்து இந்தியப் பெருங்கடல் நாடுகள் எல்லாவற்றுக்கும் தகவல் தரும் பொறுப்பும் இதற்கு உண்டு.

அடிப்படை ரொம்ப சிம்பிள். நிலநடுக்க அதிர்வு பூமிக்குள் விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பாயும். சுனாமி அலை ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீட்டர் அளவில் வரும், கிட்டத்தட்ட விமான வேகம். விமானத்தைவிட அதிர்வு பல மடங்கு வேகம். எனவே அதிர்வு முதலில் வந்து 'பின்னால் அலை வரலாம்' என்று சொல்லிவிடுகிறது. பெரிய நிலநடுக்கம் என்றால் எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு பெரிது என்பதை மையம் சுமார் 10 நிமிடத்தில் கணித்துவிடும். முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் கணினி மாதிரிகளில் இருந்து எந்தக் கரைக்கு எப்போது எவ்வளவு உயரத்தில் அலை வரும் என்ற மதிப்பீடும் கிடைத்துவிடும்.

ஆனால் எல்லா கடலடி நிலநடுக்கமும் சுனாமியைக் கிளப்பாது. கடல் தரை மேலும் கீழும் தூக்கிப்போட்டால்தான் தண்ணீர் எழும். பக்கவாட்டில் நழுவினால் பெரிதாக எதுவும் நடக்காது. இதை உறுதி செய்யத்தான் ஆழ்கடல் மிதவைகள். கடலடியில் ஓர் அழுத்தமானி உட்கார்ந்திருக்கும். மேலே தண்ணீர் மட்டம் ஒரு சென்டிமீட்டர் கூடினாலே அதற்குத் தெரியும். ஒலி அலை மூலம் மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும், மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். இவ்வளவு நுணுக்கம் ஏன் தேவை? நடுக்கடலில் சுனாமி மலை மாதிரி இருக்காது. 2004-ல் இந்தியப் பெருங்கடலின் நடுவே செயற்கைக்கோள் அளந்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். கரைக்கு வந்து ஆழம் குறையும்போதுதான் அது எழும்பும். அன்று ஆழ்கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எதையும் உணராமல், கரைக்குத் திரும்பிய பிறகே ஊர் இல்லாததைப் பார்த்தார்கள்.

இந்த மிதவைகளைப் பராமரிப்பது நம்ம பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம். அவர்களுக்கு இருக்கும் பெரிய தலைவலி என்ன தெரியுமா? மிதவைக்கு அடியில் மீன் கூடும். மீன் கூடினால் படகு வரும், கயிறு கட்டும், வலை சிக்கும், கருவி சேதமாகும். மீனவரைக் காப்பாற்ற வைத்த கருவி மீன் பிடிப்பதிலேயே கெட்டுப்போகிறது. இதை போலீஸ் வைத்துத் தீர்க்க முடியாது. ஊர் ஊராகப் போய்ப் பேசித்தான் தீர்க்க வேண்டும், பேசியும் வருகிறார்கள்.

'வார்னிங்', 'அலர்ட்', 'வாட்ச்': மூன்றும் ஒன்றல்ல

இன்காய்ஸ் அறிக்கையில் மூன்று நிலைகள் உண்டு. அலை 2 மீட்டருக்கு மேல் வரலாம் என்றால் 'வார்னிங்': மக்களை வெளியேற்ற வேண்டும். அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர் வரை என்றால் 'அலர்ட்': கடற்கரை, தாழ்வான பகுதிகளை விட்டு விலக வேண்டும். அதற்கும் கீழே 'வாட்ச்': நிர்வாகம் உஷாராக இருந்தால் போதும், ஓட வேண்டியதில்லை.

தமிழில் இந்த மூன்றும் என்ன ஆகின்றன? 'சுனாமி எச்சரிக்கை'. பிரேக்கிங் நியூஸ் பட்டையில் மூன்றுக்கும் ஒரே சிவப்பு. எங்களைப் போன்ற மீடியாக்காரர்கள் மேல்தான் இந்தக் குற்றச்சாட்டு. அடுத்த முறை நோட்டிஃபிகேஷன் வந்தால் எந்த நிலை என்பதைத் தேடிப் படியுங்கள். நாங்களும் எழுதப் பழகுகிறோம்.

இன்னொரு விதியும் முக்கியம். அலை 60 நிமிடத்துக்குள் வந்துவிடும் பகுதிகளுக்கு, நிலநடுக்கத் தகவலை மட்டும் வைத்தே உடனே 'வார்னிங்' கொடுத்துவிடுவார்கள். அந்தமான், நிகோபார் தீவுகளுக்கு இதுதான் பொருந்தும். அங்கே காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். 60 நிமிடத்துக்கு மேல் அவகாசம் உள்ள சென்னை, நாகை, கடலூர் போன்ற இடங்களுக்கு முதலில் 'அலர்ட்'. மிதவையும் கரையோர அலைமானிகளும் சுனாமியை உறுதி செய்த பிறகே 'வார்னிங்'. ஒரே நிலநடுக்கத்துக்கு போர்ட் பிளேருக்கு ஒரு செய்தியும் சென்னைக்கு வேறு செய்தியும் வந்தால் குழப்பம் என்று நினைக்காதீர்கள், திட்டமே அதுதான்.

ஏன் இந்தப் பொறுமை? 2004 டிசம்பர் 30-ஐ அனுபவித்தவர்களைக் கேளுங்கள். சுனாமி அடித்து நான்காம் நாள், இன்னொரு சுனாமி வரலாம் என்று மத்திய அரசே எச்சரிக்கை விட்டது. கடலோரம் முழுக்க மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், மீட்புப் பணி நின்றது. கடைசியில் ஆதாரமில்லாத தகவல் என்றார்கள். பொய்யான எச்சரிக்கைக்கும் விலை உண்டு. அடுத்த முறை யாரும் ஓட மாட்டார்கள்.

2012 ஏப்ரல் 11-ல் முதல் பெரிய பரீட்சை வந்தது. சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவு நிலநடுக்கம். சென்னையில் ஆபீஸ் கட்டடங்கள் ஆடின, ஐ.டி. ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். சில நிமிடங்களில் அறிக்கை வந்தது. நிகோபாருக்கு 'வார்னிங்', தமிழகத்துக்கு 'அலர்ட்'. நழுவல் பக்கவாட்டில் நடந்திருந்ததால் பெரிய அலை வரவில்லை, சில மணி நேரத்தில் எல்லாம் விலக்கப்பட்டது. ஹைதராபாத் பாஸ்.

அப்போ பிரச்னை எங்கே?

ஹைதராபாத்துக்கும் உங்கள் தெருவுக்கும் நடுவில்.

2023 அக்டோபரில் ஒரு மதியம் எங்கள் ஆபீஸில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கிறது. உங்கள் போனும் அலறியிருக்கும். பேரிடர் எச்சரிக்கைக்கான 'செல் பிராட்காஸ்ட்' சோதனை அது. இது எஸ்.எம்.எஸ். இல்லை. உங்கள் நம்பரே தேவையில்லை. குறிப்பிட்ட டவர்களின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே நொடியில் போகும், நெட்வொர்க் நெரிசலிலும் போகும், சைலன்ட்டில் இருந்தாலும் அலறும். உண்மையிலேயே நல்ல தொழில்நுட்பம். நான் என்ன செய்தேன்? 'ஓகே' அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். என்ன எழுதியிருந்தது என்றுகூட முழுசாகப் படிக்கவில்லை.

போன் அலறுவது வேறு, மனிதர் நகர்வது வேறு.

இதற்கு சுனாமிதான் வர வேண்டும் என்றில்லை. 2024 மே முதல் வாரத்தில் அதே இன்காய்ஸ், தென் கடலோரத்துக்கு 'கள்ளக்கடல்' எச்சரிக்கை விட்டிருந்தது. எங்கோ தொலைதூரக் கடலில் பிறந்து, உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமல் திருடனைப் போல வந்து ஏறும் அலை அது. மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். படித்தவர்கள், கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் தலைமுறை, நம் வயதுக்காரர்கள். எச்சரிக்கை இணையத்தில் இருந்தது.

கருவிகளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. 2018 செப்டம்பரில் இந்தோனேசியாவின் பாலு நகரத்தில் நிலநடுக்கம் வந்த சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. கரன்ட் இல்லை, தகவல் தொடர்பு இல்லை, சைரன் ஊதவில்லை. டவருக்கு உயிர் இருந்தால்தான் போனுக்கு உயிர். எனவே போன், சைரன், மைக், கோயில் மணி, மசூதி ஒலிபெருக்கி, தெருவில் பைக்கில் போய்க் கத்தும் பையன் என்று எல்லாம் சேர்ந்ததுதான் எச்சரிக்கை அமைப்பு. ஒன்று போனால் இன்னொன்று.

ஒடிசா என்ன செய்தது?

2020 ஆகஸ்டில் ஒடிசாவின் இரண்டு கடலோரக் கிராமங்களுக்கு யுனெஸ்கோவின் 'சுனாமி ரெடி' அங்கீகாரம் கிடைத்தது. கஞ்சம் மாவட்டத்தின் வெங்கட்ராய்பூர், ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் நோலியாசாஹி. இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே முதல் முறை. 2024-ல் மேலும் 24 ஒடிசா கிராமங்கள் சேர்ந்தன.

2004-ல் நாம் பட்ட அடி ஒடிசாவுக்கு இல்லை. அப்புறம் எப்படி அவர்கள் முந்தினார்கள்? 1999 சூப்பர் புயல். அதில் சுமார் 10,000 பேர் இறந்த பிறகு, கிராமம் கிராமமாகப் புயல் பாதுகாப்பு மையம், தன்னார்வக் குழு, ஒத்திகை என்று ஒரு பழக்கத்தை உருவாக்கினார்கள். 2013-ல் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய 10 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். இறப்பு சில டஜன்களில் நின்றது. புயலுக்காகப் பழகிய கால்கள்தான் சுனாமிக்கும் ஓடப் போகின்றன. நல்லவாடு மைக் செட்டின் லாஜிக் இதேதான்.

'சுனாமி ரெடி' ஆக 12 அளவுகோல்கள் இருக்கின்றன. தண்ணீர் எதுவரை வரும் என்ற வரைபடம், தெருவில் ஓடுபாதைப் பலகை, எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று தெரிந்த குழு, 24 மணி நேரமும் தகவல் வாங்கவும் பரப்பவும் வழி, முறையான ஒத்திகை என்று போகும் பட்டியல். ஒருமுறை வாங்கி ஃப்ரேம் போட்டு மாட்டிவிட முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கண்டிஷன்தான். தமிழகத்திலும் 2004-க்குப் பிறகு பல்நோக்குப் பேரிடர் மையங்கள் கட்டியிருக்கிறோம். கட்டடத்தைவிட, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, ராத்திரி 2 மணிக்கு அவர் போன் எடுப்பாரா என்பதுதான் விஷயம்.

பாட்டி சொன்ன வார்த்தை

2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளில் ஒன்று இந்தோனேசியாவின் சிமெலுவே. மக்கள்தொகை 78,000 அளவில். இறந்தவர்கள் ஏழு பேர். அவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. 'ஸ்மோங்' என்று ஒரு சொல் இருந்தது. 1907-ல் அங்கே பெரிய சுனாமி. தப்பியவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னது: தரை பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு. கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து அந்தச் சொல் வேலை செய்தது.

ஆனால் இதை அப்படியே தமிழகத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. சிமெலுவேயிலும் அந்தமானிலும் தரையே சைரன். நமக்கு ஆபத்து சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 2004-ல் சென்னையில் லேசாகத்தான் ஆடியது, பலர் தூக்கம்கூடக் கலையவில்லை. கடல் உள்வாங்குவது தெரிந்தால் அதற்குப் பிறகு நமக்கு நிமிடங்களே மிச்சம். ஆக, தமிழகக் கடலோரம் செய்தியை நம்பித்தான் தப்பிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் என்பது வரம். அதை யாரும் நம்பாமல் வேடிக்கை பார்த்தால் அதே இரண்டு மணி நேரம் வீண்.

செய்தியை எப்படிச் சொல்கிறோம் என்பதிலும் உயிர் இருக்கிறது. 2011 மார்ச்சில் ஜப்பான் மூன்றே நிமிடத்தில் எச்சரிக்கை விட்டது. ஆனால் இவாத்தே மாகாணத்துக்கு '3 மீட்டர்' என்று முதல் கணிப்பு. பெரிய கடல் சுவர் இருக்கிறதே என்று சிலர் நின்றார்கள். பிறகு எண்ணைத் திருத்திக் கூட்டினார்கள், அதற்குள் கரன்ட் போய்விட்டது, பலருக்குத் திருத்தம் போய்ச் சேரவில்லை. 2013-லிருந்து முறையை மாற்றினார்கள்: மிகப் பெரிய நிலநடுக்கம் என்றால் முதல் அறிவிப்பில் மீட்டர் கணக்கே இருக்காது, 'மிகப் பிரமாண்டமானது' என்ற வார்த்தைதான். 2024 புத்தாண்டு தினத்தில் நோட்டோ பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது என்.எச்.கே. டி.வி. அறிவிப்பாளர் வழக்கமான நிதானத்தை விட்டுவிட்டு, ஏறக்குறைய கத்தினார். இப்போதே ஓடுங்கள், திரும்பிப் போகாதீர்கள் என்று. வீடியோ கிடைக்கும், பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் கால் தானாக எழும்.

சரி, நான் என்ன செய்யணும்?

ஈ.சி.ஆரில் குடியிருப்பவர், ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்பவர், வீக்கெண்டில் மகாபலிபுரம் போகிறவர் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நம் கரை தட்டை, ஓடிப்போய் ஏற மலை கிடையாது. கடலை விட்டு உள்ளே தள்ளிப் போகலாம். முடியாவிட்டால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல் மாடிகள். காரை எடுக்காதீர்கள். 2012-ல் அச்சேயிலும், 2025 ஜூலையில் ரஷ்யாவின் கம்சாட்கா நிலநடுக்கத்தின்போது ஹவாயிலும் வெளியேறும் சாலைகள் டிராஃபிக்கில் நின்றன. கிண்டி சிக்னலை நினைத்துப் பாருங்கள்.

சுனாமி ஒரு அலை அல்ல. வரிசை. 2004-ல் முதல் அலை வடிந்ததும் பிள்ளையைத் தேடி, பொருளைத் தேடித் திரும்பிப் போனவர்களை அடுத்த அலை எடுத்துக்கொண்டது. 'அபாயம் நீங்கியது' என்று அதிகாரபூர்வமாகச் சொல்லும் வரை, அது பல மணி நேரம் ஆனாலும், திரும்பக் கூடாது. ஆழ்கடலில் இருக்கும் படகுகள் கரைக்கு வரக் கூடாது. அங்கேதான் பாதுகாப்பு.

வாட்ஸ்அப்பில் வருவதை ஃபார்வேர்டு பண்ணுவதற்கு முன் இன்காய்ஸ் இணையதளத்தையோ, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசெத்' ஆப்பையோ, மாநில அரசின் 'டி.என். அலர்ட்' ஆப்பையோ ஒரு முறை பாருங்கள். அங்கே தமிழக மாவட்டத்துக்கு எந்த நிலை போட்டிருக்கிறது என்பதுதான் செய்தி.

இந்தக் கட்டுரைக்காக எங்கள் டெஸ்க்கில் ஒரு கேள்வி கேட்டேன். பெசன்ட் நகர் பீச்சில் நிற்கும்போது போன் அலறினால் எந்தப் பக்கம் போவீர்கள்? நான்கு பேர் நான்கு பதில் சொன்னார்கள். ஒருவர், "முதல்ல வீடியோ எடுப்பேன்" என்றார். பாதி ஜோக்தான்.

மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை: 1070. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை: 1077. போனில் இரண்டையும் சேவ் செய்து வைத்துக்கொள்ளலாம்.